ஒரு மாணவரை இழந்த பிறகு கல்லூரி என்ன செய்ய வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து 2023-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,892 பேர். இப்படி ஒரு இறப்பு நடந்த மறுநாள் காலை யார் என்ன செய்வது என்று எழுதிவைத்திருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவும் அந்த மறுநாளைப் பற்றியே கேட்கின்றன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

விடுதியில் ஒரு மாணவர் இறந்துவிட்டார் என்ற தகவல் வந்ததும் முதல் சில மணி நேரத்தில் கல்லூரி என்ன செய்ய வேண்டும்?
– பொறியியல் கல்லூரி முதல்வர், நாமக்கல் மாவட்டம்

அன்று முழுக்க முடிவெடுக்கும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவருக்குக் கீழே நான்கு பேர் வேண்டும்: குடும்பத்துக்கு ஒருவர், காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் ஒருவர், மாணவர்களுக்கு ஒருவர், பத்திரிகையாளர்களுக்கு ஒருவர். ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கப் போனால் குடும்பத்தின் வேலைதான் கடைசிக்குப் போகும். போலீசும் நிருபர்களும் வாசலில் நிற்பார்கள், பெற்றோரோ எங்கோ பேருந்தில் வந்துகொண்டிருப்பார்கள்.

மாணவர்களின் வாட்ஸ்அப் வழியாகப் பெற்றோருக்குச் செய்தி போய்விடக் கூடாது. இதற்கு உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முடிந்தால் அவர்கள் ஊரிலேயே இருக்கும் நெருங்கிய உறவினரையோ, உள்ளூர்க் காவல் நிலையத்தையோ பிடித்து, வீட்டுக்கு ஆள் போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் பேசுங்கள். 'உடம்பு சரியில்ல, உடனே கிளம்பி வாங்க' என்று பாதியை மறைத்துச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பிண அறை வாசலில் உண்மை தெரியவந்த பெற்றோர், அதற்குப் பிறகு கல்லூரி சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். வண்டியும் ஓட்டுநரும் ஏற்பாடு செய்து கொடுங்கள். அந்த நிலையில் அப்பா தானே ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.

அடுத்தது காவல்துறை. இயற்கைக்கு மாறான மரணம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 194-ஆம் பிரிவின்படி மரண விசாரணை நடக்கும், பிரேதப் பரிசோதனை நடக்கும். போலீஸ் வரும்வரை அறையைக் கழுவுவதும், பொருட்களை ஒழுங்குபடுத்துவதும், கைப்பேசியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. விடுதியின் பெயரைக் காப்பாற்றப்போய் யாரோ ஒருவர் அறையைச் சுத்தம் செய்துவிட, பிறகு அதுவே பெரிய சந்தேகமாக மாறும்.

அறைக்குச் சீல் வைக்கும்போது அறைத்தோழர்களை நினைவில் வையுங்கள். அவர்களுடைய துணிமணி, ரெக்கார்டு நோட்டு, லேப்டாப், ஹால் டிக்கெட், சாப்பிடும் மாத்திரை எல்லாம் உள்ளேதான் இருக்கும். ஆய்வாளரிடம் கேட்டால் அவர் முன்னிலையில் பட்டியல் போட்டு எடுத்துக்கொள்ள வழி உண்டு. யாரும் கேட்காததால் நாள்கணக்கில் மாற்றுத்துணி இல்லாமல் திண்டாடுவது அந்தப் பிள்ளைகள்தான். அன்றிரவே அவர்களுக்கு வேறு தளத்தில் அறை கொடுங்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிடாதீர்கள்.

அவர்களிடம் வாக்குமூலம் வாங்கும்போது அவர்கள் நம்பும் ஆசிரியர் ஒருவர் கூடவே போகட்டும். மாணவிகளை விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, பெண்களை அவர்கள் தங்கியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது. இதை அமைதியாக எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாலே போதும்.

அரசு மருத்துவமனையிலிருந்து உடலை ஊருக்குக் கொண்டுபோகத் தமிழ்நாடு அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. பிரேதப் பரிசோதனை முடியும்வரை குடும்பத்தோடு கல்லூரியின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் ஊர்வரை போவதும் நல்லது.

அன்றே முடிக்க வேண்டிய இன்னொன்று, பார்வைக்குச் சின்ன விஷயம். வருகைப்பதிவு மென்பொருளிலும் கட்டணப் பிரிவிலும் அந்த மாணவரின் பெற்றோர் எண்ணை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 'தங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை' என்ற தானியங்கிக் குறுஞ்செய்தி, அடக்கம் நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. முன்பணமும் அசல் சான்றிதழ்களும் பின்னால் அவர்கள் வீடு தேடிப் போக வேண்டும். 'நோ டியூஸ்' படிவத்தில் கையெழுத்து வாங்க அந்த அம்மாவைத் துறை துறையாக நடக்கவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? பெற்றோர் 'தற்கொலை என்று சொல்லாதீர்கள்' என்று கேட்கிறார்கள். வளாகம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது.
– துறைத் தலைவர், மதுரை

ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம், அரங்கத்தில் ஆயிரம் பேரை உட்காரவைத்தும் சொல்ல வேண்டாம். பெரிய கூட்டத்தில் யார் உடைந்துபோகிறார் என்பதே கண்ணுக்குத் தெரியாது. வகுப்பு வகுப்பாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில், அந்த வகுப்புக்குப் பழகிய ஆசிரியர் சொல்லட்டும். அதற்கு முன்பே அறைத்தோழர்களுக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் காதலி அல்லது காதலனுக்கும் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பேச வேண்டியதை அரைப் பக்கத்தில் எழுதி எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். எழுத்து இல்லாவிட்டால் ஒருவர் அறிவுரை சொல்வார், இன்னொருவர் 'கோழைத்தனம்' என்பார், மூன்றாமவர் தனக்குத் தெரிந்த விவரத்தையெல்லாம் கொட்டுவார்.

குடும்பத்தின் விருப்பத்தை மதிக்க வேண்டும். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். இப்படி ஒரு வாசகம் போதும்:

'நம் துறையின் இரண்டாமாண்டு மாணவர் (பெயர்) நேற்று இறந்துவிட்டார். இறப்பின் காரணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காவல்துறை விசாரணையும் நடக்கிறது. இது தற்கொலையாக இருக்குமோ என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது எங்களுக்குத் தெரியும். ஊகங்களைப் பரப்ப வேண்டாம். ஆனால் தற்கொலை எண்ணம் என்பதைப் பற்றி யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எங்களிடம் பேசலாம். இன்று இரவு 10 மணி வரை நூலகத்துக்கு அடுத்த அறையில் ஆலோசகரும் இரண்டு ஆசிரியர்களும் இருப்பார்கள். இரவில் எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம்.'

எப்படி இறந்தார், எந்த இடம், கடிதம் எழுதினாரா என்ற மூன்றையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதே நிலையில் தவித்துக்கொண்டிருக்கும் இன்னொரு மாணவருக்கு அந்த விவரங்கள் வழியாகிவிடும். ஒரு இறப்பைத் தொடர்ந்து இன்னொன்று நிகழும் ஆபத்து இளவயதினரிடம் மற்ற வயதினரைவிட அதிகம் என்பது 1980-களிலிருந்தே ஆய்வுகளில் உறுதியான உண்மை. வியன்னாவில் 1987-ல் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் முறையை மாற்றியதும் அந்த இறப்புகள் சட்டென்று குறைந்தன. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019-ல் இதற்கான நெறிமுறையை ஏற்றிருக்கிறது. நிருபர் வந்தால் அதைக் காட்டி, உதவி எண்ணையும் சேர்த்து வெளியிடும்படி கேளுங்கள்.

'காதல் தோல்வி', 'அரியர்', 'குடும்பப் பிரச்சினை' என்று ஒற்றைக் காரணத்தை அறிவிக்கவும் வேண்டாம். அரியர் வைத்திருக்கும் நாற்பது பேர் அதே வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரி வாசலில் நாங்கள் வைத்த 'கண்ணீர் அஞ்சலி' பேனரை இரவோடு இரவாக எடுத்துவிட்டார்கள். எங்கள் நண்பனுக்கு அஞ்சலி செலுத்தக்கூட உரிமை இல்லையா?
– மூன்றாமாண்டு மாணவர்கள், கோவை

உரிமை இருக்கிறது. சொல்லாமல் எடுத்தது தவறு. உங்களைக் கூப்பிட்டுப் பேசி, எப்போது எடுப்பது என்று முடிவு செய்து, அந்தப் படத்தை உங்கள் கையாலேயே குடும்பத்திடம் கொடுக்கவைத்திருக்க வேண்டும்.

பேனர் ஏன் நெருடுகிறது என்பதையும் கேளுங்கள். பத்தடி உயரத்தில் சிரிக்கும் முகம், கீழே நண்பர்கள் எல்லாருடைய படமும் பெயரும், வழியெங்கும் பூ. வாழும்போது யாருமே தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு முதலாண்டு மாணவர் தினமும் காலையில் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார். இறந்தால்தான் இத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்துவிடக் கூடாது. சோகப் பாட்டு போட்ட ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இது பொருந்தும்.

கல்லூரிகள் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: விபத்திலோ நோயிலோ ஒரு மாணவர் இறந்தால் என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்வது, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வகுப்பில் ஒரு நிமிட மௌனம், விருப்பப்பட்டவர்கள் அடக்கத்துக்கோ பதினாறாம் நாள் காரியத்துக்கோ போகக் கல்லூரிப் பேருந்து, குடும்பத்துக்குக் கொடுக்க ஒரு நோட்டில் நண்பர்கள் எழுதும் நினைவுகள். அந்த நோட்டை ஆலோசகர் ஒருமுறை படித்துப் பார்த்தபின் கொடுங்கள். 'நானும் உன்னிடம் வருகிறேன்' என்பது போன்ற வரிகள் அதில்தான் தென்படும். அப்படி எழுதியவரிடம் அன்றே பேச வேண்டும். இறந்தவர் பெயரில் மரம், பரிசு, அரங்கம் போன்ற நிலையான நினைவுச்சின்னங்கள் வேண்டாம். மாணவர் நல நிதிக்கு நன்கொடை, விடுதியில் உதவிக்குழு என்று உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படுகிற எதையும் செய்யலாம்.

விடுதியை ஒரு வாரம் மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறது நிர்வாகம். சரியா?
– விடுதிக் காப்பாளர், திருச்சி

பெரும்பாலும் சரியில்லை. போராட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் எடுக்கப்படும் முடிவு இது. ஒன்றாக இருந்து அழ வேண்டிய நேரத்தில் மாணவர்களை இது தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. சில வீடுகளில் இதைப் பற்றிப் பேசவே விட மாட்டார்கள். சிலருக்கு வீடே பாதுகாப்பான இடம் கிடையாது. போக விரும்புகிறவர்களைப் போகவிடுங்கள், யாருடன் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு விசாரியுங்கள். மற்றவர்களுக்கு மெஸ் நடக்கட்டும், நூலகம் திறந்திருக்கட்டும். அந்த வகுப்புக்கு மட்டும் இன்டர்னல் தேர்வைத் தள்ளிவையுங்கள், அந்த வார வருகைப்பதிவுக்குச் சலுகை கொடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் சமயம் என்றால், எழுத முடியாத மாணவர்களின் பட்டியலோடு முதல்வர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அன்றே கடிதம் அனுப்ப வேண்டும். தாமதமானால் அது வெறும் 'ஆப்சென்ட்' ஆகிவிடும்.

எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்று கட்டாயப்படுத்தும் ஒற்றை அமர்வை நடத்தாதீர்கள். அது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் ஆறு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து உட்காரலாம். மௌனமாக இருக்கவும் அனுமதி உண்டு.

யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். முதலில் கண்டவர்கள், அறைத்தோழர்கள், கடைசியாகச் சண்டை போட்டவர்கள், ஏற்கெனவே தற்கொலைக்கு முயன்றவர்கள், அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் இதில் வருவார்கள். கதவைத் திறந்த செக்யூரிட்டி, அறையைக் கழுவிய துப்புரவுப் பணியாளர், தினமும் சோறு போட்ட மெஸ் அண்ணன் பெயர்களையும் இதில் எழுதுங்கள். அந்தப் பெயர்கள்தான் எப்போதும் விட்டுப்போகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்பதால் மறுநாளே அதே தளத்துக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேராசிரியர் திட்டியதால்தான் இறந்தார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். நிர்வாகம் மறுக்கிறது. நாங்கள் யார் பக்கம் நிற்பது?
– ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், திருநெல்வேலி

விசாரணையின் பக்கம். ஆறுதல் தரும் குழுவும் விசாரிக்கும் குழுவும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஆலோசகரை விசாரணைக் குழுவில் உட்காரவைத்தால், மறுநாளிலிருந்து எந்த மாணவரும் அவர் அறைக்குள் கால் வைக்க மாட்டார். குற்றச்சாட்டுக்கு உள்ளான ஆசிரியரை அந்த வகுப்பிலிருந்தும் மதிப்பீட்டிலிருந்தும் தற்காலிகமாக விலக்குங்கள், அது தண்டனை அல்ல என்று எழுத்தில் கொடுங்கள். அவருக்கும் பேச ஆள் வேண்டும். மதிப்பெண் பட்டியல், மின்னஞ்சல், கேமராப் பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். குழுவில் வெளியாள் ஒருவராவது இருக்கட்டும்.

ஒற்றைக் காரணத்தை அறிவிக்க வேண்டாம் என்று மேலே சொன்னோம்; தற்கொலைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. அந்த உண்மையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கல்லூரி ஒதுங்கிவிடக் கூடாது. ராகிங், சாதி இழிவு, பாலியல் தொல்லை என்ற பேச்சு வந்தால் அதற்குரிய குழுக்களும் காவல்துறையும் விசாரித்தே ஆக வேண்டும். தற்கொலைக்குத் தூண்டுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 108-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றம். 2023-ல் ஐ.ஐ.டி. டெல்லியில் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் வழக்குப் பதியவைக்கவே உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2025 மார்ச் 24 அன்று வழக்குப் பதிய உத்தரவிட்ட நீதிமன்றம், மாணவர் மனநலத்துக்காக முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. பெற்றோரை அவ்வளவு தூரம் அலையவிடும் நிலையை எந்தக் கல்லூரியும் உண்டாக்கக் கூடாது.

இறந்துபோன என் நண்பன் போன வாரம்தான் என்னிடம் 'எல்லாமே முடிஞ்சுபோச்சுடா' என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். தூக்கமே வரவில்லை.
– மாணவர், சென்னை

தம்பி, இன்று முடிவு தெரிந்துவிட்டதால்தான் அந்த வார்த்தை இப்படிக் குத்துகிறது. சொன்ன அன்று அது, செமஸ்டர் நேரத்தில் விடுதியில் எல்லாரும் சொல்கிற வார்த்தையாகத்தான் உங்கள் காதில் விழுந்திருக்கும். தெரிந்திருந்தால் நீங்கள் ஓடியிருப்பீர்கள். இதே குற்ற உணர்ச்சி அவருடைய அம்மாவுக்கும் அறைத்தோழருக்கும் டியூட்டருக்கும் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொருவரும் 'நான்தான் தவறவிட்டேன்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடமாவது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'நானும் போய்விட்டால்' என்ற எண்ணம் உங்களுக்கே வந்தால் இரவு தனியாக இருக்க வேண்டாம். நம்பும் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமில்லை), தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தாலோ அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு நண்பர் இதே வார்த்தையைச் சொன்னால் நேரடியாகக் கேளுங்கள்: 'செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?' கேட்டால் அந்த எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. 'ஆமா' என்றால் தனியாக விடாமல், ரகசியம் காப்பதாக வாக்கும் கொடுக்காமல், பெரியவர் ஒருவரிடம் கூட்டிப்போங்கள்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்த எங்கள் மகளை டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். போலீஸ் வழக்கு வருமா?
– தந்தை, தஞ்சாவூர்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டி.சி.யை நீங்களாகக் கேட்டு எழுதிக்கொடுக்காதீர்கள். மருத்துவர் 'படிப்பைத் தொடரலாம்' என்று எழுதித் தருவதோடு முதல்வரைப் பார்த்து, திரும்பி வருவதற்கான ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள்: இந்தச் செமஸ்டரில் எந்தத் தாள்கள், வாரம் எத்தனை முறை ஆலோசகர், விடுதியா வீட்டிலிருந்தா, யார் யாருக்கு மட்டும் விஷயம் தெரியும், அவசரத்துக்கு யாரை அழைப்பது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம்வரை ஆபத்து கூடுதலாக இருக்கும். அந்தக் காலத்தில் மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முறை நடந்ததைக் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாயிரம் மாணவர்களுக்கு நான் ஒருத்திதான் ஆலோசகர். இந்த வேலை எத்தனை நாளுக்கு நீளும்?
– கல்லூரி ஆலோசகர், ஈரோடு

ஓராண்டுக்கு. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைப்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். 'ஒருவராவது' என்பது குறைந்தபட்ச அளவு. நாலாயிரம் பேருக்கு அது போதாது என்று அந்த ஆணையையே இணைத்து நிர்வாகத்துக்கு எழுதுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டுமாவது பக்கத்துக் கல்லூரி ஆலோசகர்களையும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன பட்டியலில் உள்ளவர்களை முதல் வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நீங்களாகவே கூப்பிட்டுப் பாருங்கள். 'கதவு திறந்தே இருக்கிறது' என்று உட்கார்ந்திருந்தால் வர வேண்டியவர் வர மாட்டார். முப்பதாம் நாளையும் இறந்தவருடைய பிறந்தநாளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தேர்வு முடிவு வரும் நாள், விடுமுறைக்குப் பின் விடுதி திறக்கும் நாள், முதல் திதி, வகுப்புக் குழுப்படம் எடுக்கும் நாள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். பிரியாவிடை விழாக் காணொளியில் அவர் படம் வேண்டுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வகுப்புப் பிரதிநிதிகள் பெற்றோரைக் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்த அறையை வருடக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டாம், பேய்க்கதை கிளம்பிவிடும். விவரம் தெரியாத முதலாண்டு மாணவருக்கு உடனே ஒதுக்கவும் வேண்டாம். வெள்ளையடித்து, கட்டில்களை மாற்றி, ஒரு செமஸ்டர் படிப்பு அறையாகவோ பொருள் அறையாகவோ வைத்திருந்து, பிறகு சொல்லிவிட்டே ஒதுக்கச் சொல்லுங்கள்.